படிச்சுட்டு பாக்குறதா, பாத்துட்டு படிக்கிறதா?

கேள்வி, ஜூலை 31

நாவலைப் படிச்சவனுக்குப் படம் புடிக்காது, படத்தைப் பாத்தவனுக்கு நாவல் ஓடாது. இதான் என் கட்சி. தமிழ்ல ஒரு நல்ல கதையைக் கெடுக்காம எடுத்த படம் ஒண்ணு சொல்லுங்க பாப்போம். முள்ளும் மலரும்னு யாரும் ஆரம்பிக்காதீங்க, அந்த நாவலை இங்க ஒருத்தரும் படிச்சிருக்க மாட்டீங்க. பொன்னியின் செல்வனும் வேணாம், அந்தச் சண்டை போட்டு ஓஞ்சாச்சு.

ஆகஸ்ட் 1

படிக்கலைதான் தம்பி. உமா சந்திரன் எழுதினது, கல்கி வெள்ளிவிழாப் போட்டியில பரிசு வாங்கினதுன்னு தெரியும், அதுக்கு மேல தெரியாது. ஆனா ஒரு கூத்து என்னன்னா மகேந்திரனே அந்த நாவலை முழுசாப் படிக்கலைன்னு சொல்லியிருக்கார். விஞ்ச் ஓட்டுற காளி, அவன் தங்கச்சி, கை போறது, அவ்ளோதான் எடுத்துக்கிட்டார். உங்க கட்சிப்படி பாத்தா டைரக்டர் பாதியில மூடி வெச்சதாலதான் படம் தேறிச்சுன்னு ஆகுது.

கேள்வி நல்லாத்தான் இருக்கு. ஆபீஸ்ல ஆடிட் முடிஞ்சு சாயங்காலம் எல்லாம் சும்மாதான் கெடக்கேன், இந்த மாசம் ஜோடி ஜோடியா எடுத்து உக்காந்துடறேன். ஒரு புத்தகம், அதுல இருந்து வந்த படம். சிலது படிச்சுட்டுப் பாப்பேன், சிலது பாத்துட்டுப் படிப்பேன். இங்கயே வந்து கொட்டுறேன். யாரும் கேக்கலைன்னாலும் கொட்டுவேன்.

ஆகஸ்ட் 4

முதல் ஜோடி வெக்கை, அசுரன். படத்தை 2019ல வந்தப்பவே தியேட்டர்ல பாத்தாச்சு, இப்பதான் பூமணி நாவலைக் கையில எடுக்குறேன். அதனால தலைக்குள்ள தனுஷ் இருக்கார், மஞ்சு வாரியர் இருக்காங்க, இவங்களை வெளிய தள்ளிட்டுப் படிக்கணுமேன்னு ஒரு பயம்.

முதல் பக்கத்துலயே பயம் போயிடுச்சு. ஏன்னா நாவல் அந்தப் பையனோடது. சிதம்பரம், பதினஞ்சு வயசு, கையை மட்டும் வெட்டணும்னு நெனைச்சுப் போனவன் ஆளையே முடிச்சுட்டு ஓடுறான், அங்க ஆரம்பிக்குது. அப்புறம் அப்பனும் மகனும் காட்டுல, மலையில, ஓடைக்கரையில 8 நாள். சமைக்கிறாங்க, தூங்குறாங்க, பேசுறாங்க, மறுபடி நடக்குறாங்க. அவ்வளவுதான் கதை. அந்தப் பேச்சு இருக்கு பாருங்க, கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் பேச்சு, அதுல அப்பன் மகன்கிட்ட நடந்ததைப் பத்தி எவ்ளோ கொஞ்சமா பேசுறான், சோத்தைப் பத்தி எவ்ளோ பேசுறான்னு பாத்தீங்கன்னா அதுலயே பாசம் வந்துடுது. கொலை பண்ணிட்டு வந்த புள்ளைய ஒரு வார்த்தை திட்டல, சாப்ட்டியாங்கிற மாதிரியே போகுது.

படத்துல வெற்றிமாறன் மையத்தைத் தூக்கி அப்பன் மேல வெச்சுட்டார். சிவசாமியோட பழைய கதைன்னு வர்ற முழு ஃப்ளாஷ்பேக்கும், சாராயம் காய்ச்சுறது, செருப்புப் போட்ட பொண்ணு, 1968 கீழ்வெண்மணியை ஞாபகப்படுத்துற குடிசை எரிப்பு, எதுவும் நாவல்ல கெடையாது. நாவல்ல யாரு என்ன சாதின்னு வெளிப்படையா ஒரு வரி கூட இல்ல. படம் அதைப் போட்டு உடைக்குது. ரெண்டும் ரெண்டு வேலை.

அதனால தம்பி, கெடுக்காம எடுத்த படத்துக்கு முதல் சாட்சி இது. எப்படிக் கெடுக்கலைன்னா வேற கதையை எடுத்துட்டாங்க!

ஆகஸ்ட் 5

"வேற கதையை எடுத்தா அது எப்படி தழுவல்"னு கேட்ட சாருக்கு: நியாயமான கேள்வி. பதில் இல்ல. மாசக் கடைசியில வர்றேன்.

பூமணியே ஒரு படம் டைரக்ட் பண்ணியிருக்கார், கருவேலம்பூக்கள்னு, தீப்பெட்டி ஆபீசுக்குப் போற புள்ளைங்களைப் பத்தி. நல்ல பிரிண்ட் யார்கிட்டயாவது இருந்தா சொல்லுங்க.

ஆகஸ்ட் 9

மோகமுள். இதை நான் எழுதாம இருக்கவே முடியாது, கும்பகோணத்துக்காரன்.

தி. ஜானகிராமன் நாவலைக் காலேஜ் படிக்கிறப்போ முதல் தடவை படிச்சேன், அப்ப கதாநாயகன் பாபு வயசு எனக்கு. அதுல வர்ற துக்காம்பாளையத் தெரு வழியாத்தான் டியூஷன் போவேன், எந்த வீடு பாபு ஆசைப்படுற யமுனா வீடா இருக்கும்னு சைக்கிளை மெதுவா மிதிச்சுக்கிட்டே பாத்துட்டுப் போற பைத்தியம் அப்போ ஊர்ல நெறைய பேருக்கு இருந்தது. அப்புறம் 1995ல ஞான ராஜசேகரன் படம் எடுத்தார். முதல் படத்துக்கான தேசிய விருதும் அவருக்குக் கெடைச்சது. இசை இளையராஜா. பாபுவோட பாட்டு வாத்தியார் ரங்கண்ணாவா நெடுமுடி வேணு. இப்ப நாவலைத் திரும்பப் படிச்சுட்டு அன்னிக்கே ராத்திரி படத்தையும் போட்டுப் பாத்தேன்.

ரங்கண்ணா மட்டும் புத்தகத்துல இருந்து எழுந்து வந்தவர். வேணு அந்த ஆளா உக்காந்திருக்கார், பாடுறவனுக்குக் காது எப்படி இருக்கணுங்கிறதை மொகத்துலயே காட்டுறார். மத்ததெல்லாம் எங்கயோ நழுவிடுச்சு. படம் மோசமில்ல. நாவல்ல நடக்குறதை வரிசையா, மரியாதையா எடுத்து வெச்சிருக்காங்க. சிக்கலே அங்கதான். ஜானகிராமன்கிட்ட எது நடக்குதுங்கிறதா முக்கியம்? காவேரித் தண்ணி, வெத்தலை, தஞ்சாவூர்க் குசும்பு, ஒரு ஆள் வந்து உக்காந்து அரை மணி நேரம் ஒண்ணுமில்லாததைப் பேசிட்டுப் போறது, இதுக்கு நடுவுல பாபு உள்ளுக்குள்ள எரியுறான். அந்த எரிச்சலை அறநூறு பக்கம் மெதுவா சூடேத்துறார். படத்துக்கு ரெண்டு ரெண்டரை மணி நேரம்தான். கடைசியில யமுனா கேக்குற அந்த ஒரு கேள்வி நாவல்ல நெஞ்சுல அடிக்கும், ஏன்னா அதுக்கு முன்னாடி அத்தனை வருஷம் அவன்கூட நாமளும் காத்துக்கிட்டு இருந்தோம். படத்துல அது ஒரு வசனம்.

யமுனாவா நடிச்ச அர்ச்சனா ஜோக்லேகர் மராத்திக்காரங்க. நாவல்ல யமுனாவோட அம்மாவும் தஞ்சாவூர் மராத்திதான், அதனால யாரோ யோசிச்சுத்தான் போட்டிருக்காங்க. ஆனாலும் என் யமுனா இல்ல. என் யமுனா யாருன்னு கேட்டா சொல்லத் தெரியல. மொகமே கெடையாது அவளுக்கு, ஒரு நிப்பு மட்டும்தான், வாசல்ல நிக்கிறது.

ஆகஸ்ட் 10

மேல ஒருத்தர் "உங்க ஊர்ப் பாசம்"னு போட்டிருக்கார். இருக்கட்டுமே. ஊர்ப் பாசம் இல்லாதவன் ஜானகிராமனைப் படிச்சு என்ன பண்ணப் போறான்.

இன்னொருத்தர் அம்மா வந்தாள் ஏன் படமாகலைன்னு கேட்டிருக்காங்க. வேண்டாங்க. அப்படியே விடுங்க.

ஆகஸ்ட் 14

சிற்றன்னை, உதிரிப்பூக்கள். இதை எல்லாரும் உதாரணமா சொல்லுவாங்க. நான் படத்தை எத்தனையோ தடவை பாத்தவன், கதையைப் படிக்காமலே "புதுமைப்பித்தன் கதையை மகேந்திரன் எப்படி எடுத்தார் பாரு"ன்னு டீக்கடையில பேசியும் இருக்கேன், ஊர்ல பாதிப் பேர் அப்படித்தான். இந்த வாரம் ஒக்காந்து படிச்சேன்.

பாருங்க, ரெண்டுக்கும் பொதுவா இருக்குறது சுந்தரவடிவேலுங்கிற பேரு, தாயில்லாத ரெண்டு புள்ளைங்க, ரெண்டாந்தாரம். அவ்வளவுதான்னு சொல்லலாம். கதையில அந்த மனுஷன் காலேஜ் வாத்தியார், புள்ளைங்க மேல உசுரா இருக்குறவர். முதல் சம்சாரம் கதை தொடங்குறப்பவே கெடையாது. படத்துல அந்த சம்சாரம்தான், லட்சுமி, பாதிப் படம் இருமிக்கிட்டே நம்ம நெஞ்சுல உக்காந்துக்கிறா. சுந்தரவடிவேலு ஊரையே ஆட்டிப் படைக்கிற ஆள். நல்லவனைக் கெட்டவனா மாத்தி, செத்தவளை உசுரோட கொண்டாந்து, பட்டணத்துக் கதையை ஆத்தங்கரைக்குக் கொண்டுபோயிட்டார் மகேந்திரன். டைட்டில்ல புதுமைப்பித்தன் பேரையும் போட்டார். அவர் போடலைன்னா ஒருத்தனும் கண்டுபுடிச்சிருக்க மாட்டான்.

படிச்ச பிறகு படத்தைத் திரும்பப் போட்டேன். அந்த ரெண்டு புள்ளைங்க ஆத்தங்கரையில நிக்கிறது தெரியும்ல? கதையைப் படிச்சவனுக்குத்தான் அது எங்க இருந்து வந்துச்சுன்னு புரியும். கதை முழுக்கப் பெரியவங்க என்ன பண்ணாலும் அது புள்ளைங்க கண்ணுல எப்படி விழுதுன்னு புதுமைப்பித்தன் பாத்துக்கிட்டே இருக்கார். மகேந்திரன் அந்தப் பார்வையை எடுத்துக்கிட்டார், சம்பவத்தை எல்லாம் விட்டுட்டார்.

5ஆம் தேதி கேட்ட சாருக்கு இதுல பாதிப் பதில் இருக்குன்னு நெனைக்கிறேன்.

ஆகஸ்ட் 15

யூட்யூப்ல பழைய படம் பாக்குறதுல ஒரு கொடுமை. லட்சுமி செத்துக் கெடக்கா, நடுவுல மசாலாப் பொடி விளம்பரம்.

வீட்டம்மா கேக்குறா, "ஒரு மாசமா துக்கமாவே பாக்குறீங்களே, யாருமே சிரிக்கிற நாவல் எழுதலையா"ன்னு. இருக்கு இருக்கு, வருது.

ஆகஸ்ட் 18

இன்னிக்கு என் தியரி அடி வாங்குன நாள். இதுவரைக்கும் என்ன சொல்லிட்டு வந்தேன்? அப்படியே எடுத்தா கெடும், ஒரு நூலை மட்டும் உருவிக்கிட்டா பொழைக்கும். மோகமுள் அந்தப் பக்கம், உதிரிப்பூக்கள் இந்தப் பக்கம். அழகா இருந்துச்சு.

சில நேரங்களில் சில மனிதர்கள் வந்து கெடுத்துடுச்சு. ஜெயகாந்தனே திரைக்கதை, வசனம், பாட்டு கூட எழுதினார். பீம்சிங் டைரக்‌ஷன், கருப்பு வெள்ளை, 1977ல வந்தது. நாவல்ல இருந்து பெருசா எதையும் வெட்டல. எல்லாரும் பக்கம் பக்கமா பேசுறாங்க. என் தியரிப்படி இது செத்த படமா இருக்கணும். ஆனா ராத்திரி பன்னெண்டு மணிக்கு நிறுத்த முடியாம பாத்துக்கிட்டு இருக்கேன்.

கதாநாயகி கங்காவா நடிச்ச லட்சுமி. அவங்களுக்கு இதுக்கு தேசிய விருது குடுத்தாங்க, குடுக்காம இருந்திருந்தாத்தான் தப்பு. கங்காவோட ஆணவம், அந்த உதட்டோரம் வர்ற கசப்பு, நாவலைப் படிக்கிறப்போ எனக்கு கங்கா மேல ஒரு எரிச்சலே இருந்துச்சு, என்ன இவ இவ்ளோ பேசுறான்னு. லட்சுமி பேசுறப்போ அது எரிச்சலா இல்ல, பேசாம இருந்தா செத்துருவான்னு தோணுது.

இந்தக் கதையோட கதை தெரியாதவங்களுக்கு: முதல்ல அக்கினிப் பிரவேசம்னு ஒரு சிறுகதை விகடன்ல வந்தது. மழையில ஒருத்தன் கார்ல ஏத்திட்டுப் போய்க் கெடுத்த பொண்ணை, அம்மாக்காரி தலையில தண்ணிய ஊத்தி நீ சுத்தமாயிட்டேன்னு சொல்லி வீட்டுக்குள்ள கூட்டிட்டுப் போறா. வாசகர்கள் குதிச்சாங்க. அப்புறம் ஜெயகாந்தன், சரி, அந்த அம்மா அப்படிப் பண்ணாம ஊரைக் கூட்டியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நாவலா எழுதினார். 1972ல சாகித்ய அகாதமி. இதுல அடிமடியில கை வெக்கிற விஷயம் என்னன்னா நாவலுக்குள்ளயே கங்கா அந்தச் சிறுகதையைப் படிக்கிறா! தன் கதையையே, ஆனா வேற அம்மாவோட. எழுத்தாளர் ஆர்.கே.வி.ன்னு ஒருத்தர் வர்றார், படத்துல நாகேஷ். கங்கா தனக்குக் கெடைக்காத அம்மாவைப் பத்திரிகையில படிக்கிற அந்த எடம். இதை விட "படிச்சவ நெலைமை"க்கு என்ன உதாரணம் வேணும், அவளை விட நாமெல்லாம் கொடுத்து வெச்ச வாசகர்கள்.

ஆக அப்படியே எடுத்தும் பொழைச்ச படம் ஒண்ணு இருக்கு. ஏன்னு யோசிச்சா, பேச்சுதான் அந்த நாவலோட ஒடம்பு. ஜெயகாந்தன் ஆளுங்க பேசிப் பேசித்தான் இருக்காங்க, நடிகர் வாயில அது நேரா ஏறிடுது. ஜானகிராமன் ஆளுங்களும் பேசுவாங்க, ஆனா விஷயத்தை மட்டும் பேசமாட்டாங்க.

ஆகஸ்ட் 21

அம்மா வந்திருக்கா தம்பி வீட்ல இருந்து. எண்பது தாண்டியாச்சு, கண்ணு கொஞ்சம் மங்கல், காது நல்லா கேக்கும். வீட்டம்மா சொன்ன "சிரிக்கிற நாவல்" கணக்குல தில்லானா மோகனாம்பாள் போட்டேன், 1968 ஏ.பி. நாகராஜன் படம். எல்லாரும் உக்காந்து பாத்தோம். நாகேஷ் வைத்தியா வந்தவுடனே அம்மாவே சிரிக்க ஆரம்பிச்சுட்டா. மனோரமாவோட ஜில் ஜில் ரமாமணிக்கு என் பொண்ணு சிரிச்சா, அவ இந்தக் காலத்துப் புள்ளை, சாமானியமா சிரிக்க மாட்டா. சிவாஜி கன்னத்தை உப்பிக்கிட்டு ஊதுறார், உண்மையில ஊதினது மதுரை சேதுராமனும் பொன்னுசாமியும், தெரிஞ்சிருந்தும் நம்புறோம்.

படம் முடிஞ்சவுடனே அம்மா ஒரு வார்த்தை சொன்னா. "பத்மினி நல்லாத்தான் பண்ணியிருக்கா. ஆனா மோகனா இவ இல்ல. மோகனா ஒல்லியா இருப்பா."

எந்த மோகனாம்மா? கோபுலு போட்ட மோகனா.

கொத்தமங்கலம் சுப்பு கலைமணிங்கிற பேர்ல ஆனந்த விகடன்ல அதைத் தொடரா எழுதினப்போ அம்மா சின்னப் பொண்ணு. வாரா வாரம் கோபுலு படம். மாமா அதைக் கிழிச்சு எடுத்து வெச்சு பைண்டு பண்ணி வெச்சிருந்தார், அந்தக் காலத்துல எல்லா வீட்லயும் பண்ணுவாங்க. அந்த பைண்டு இப்பவும் டிரங்குப்பெட்டியில இருக்கு, எடுத்தேன். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் பின்னாடி பாதி ஜோக்கு, தலைவலித் தைல விளம்பரம். மோகனா ஒல்லியாத்தான் இருக்கா. ஷண்முகசுந்தரம் சிவாஜி மாதிரி இல்லவே இல்ல.

இதைத்தான் யோசிச்சுக்கிட்டே இருக்கேன். நாம என்ன நெனைச்சுக்கிட்டு இருக்கோம், புத்தகம் படிக்கிறப்போ மனசுல நாமளா ஒரு மொகத்தை வரைஞ்சுக்கிறோம், சினிமாக்காரன் வந்து அதை அழிச்சுடறான்னு. தமிழ்ல தொடர்கதை படிச்ச ஜனம் எப்ப மொகமில்லாம படிச்சுது? வந்தியத்தேவனை 1950லயே மணியம் வரைஞ்சு குடுத்துட்டார். சுஜாதாவோட கணேஷ், வசந்த்னா ஜெயராஜ் போட்டதுதான், அதனாலதான் ப்ரியாவுல ரஜினி கணேஷா வந்தப்போ ஒட்டவே இல்ல. அம்மாவுக்குப் படம் கெடுத்தது அவ கற்பனையை இல்ல, கோபுலுவை.

ஆகஸ்ட் 22

கோபுலு பத்தி எழுதினதுக்கு இவ்ளோ பேர் வந்து பைண்டு கதை சொல்லுவீங்கன்னு நெனைக்கல. எல்லார் வீட்லயும் ஒரு மாமா இருந்திருக்கார்.

ஒருத்தர் கேட்டிருந்தார், விகடனும் வாசனோடது, ஜெமினி ஸ்டூடியோவும் வாசனோடது, சுப்புவும் ஜெமினி ஆளு, அப்புறம் ஏன் வாசனே எடுக்கலைன்னு. அந்தக் கதை எனக்கு முழுசா வராது. ஆனா சுப்பு எப்படிப்பட்ட ஆளுன்னு அசோகமித்திரன் எழுதியிருக்கார், அவர் 1952ல இருந்து 1966 வரைக்கும் ஜெமினியில வேலை பாத்தவர். அதுல ஒரு பகுதி இப்ப சிபிஎஸ்இ பன்னண்டாம் வகுப்பு இங்கிலீஷ் பாடம். என் பொண்ணு அதைப் பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணியிருக்கா, ஆனா அதுல வர்ற சுப்புதான் நேத்து பாத்த படத்தோட கதையை எழுதினவர்னு அவளுக்கு நேத்துதான் தெரியும். ஜெமினியில பான்கேக் மேக்கப்பை வண்டி வண்டியா வாங்கினாங்கன்னு மட்டும் நல்லா ஞாபகம் வெச்சிருக்கா.

அந்தச் சாக்குல அசோகமித்திரனோட கரைந்த நிழல்களையும் எடுத்துப் படிச்சேன். சினிமா எடுக்குறதைப் பத்தின நாவல், சினிமாவே எடுக்க முடியாத நாவல். கார் வரல, சாப்பாடு வரல, பணம் வரல, தயாரிப்பு நிர்வாகி நடராஜன் ஓடிக்கிட்டே இருக்கார், அடுத்த அத்தியாயத்துல வேற ஆளு, முன்னாடி இருந்தவர் என்ன ஆனார்னு போற போக்குல ஒரு வரியில தெரியுது. இந்த மாசம் படிச்சதுலயே பெஸ்ட் இதுதான். ஜோடி கெடையாது இதுக்கு, அதனாலயே தனியா நிக்குது.

ஆகஸ்ட் 23

மறந்தே போச்சு. கல்கியோட தியாக பூமி. 1939. கே. சுப்ரமணியம் படம் எடுக்கிறப்பவே விகடன்ல தொடராவும் வந்தது, படத்துக்கு நடுவுல எடுத்த ஸ்டில்லுங்களையே தொடருக்குப் படமா போட்டாங்க. சாம்பு சாஸ்திரி மொகம் பாபநாசம் சிவன் மொகம், சாவித்திரி மொகம் எஸ்.டி. சுப்புலட்சுமி மொகம். படிக்கிறதும் பாக்குறதும் ஒரே சமயம்! தம்பி, உங்க கேள்விய 1939லயே கேன்சல் பண்ணிட்டாங்க.

ஆகஸ்ட் 26

லாக்கப், விசாரணை. சீக்கிரம் முடிச்சுக்கிறேன், ஏன்னா திரும்ப யோசிக்கப் புடிக்கல.

கோயம்புத்தூர்ல ஆட்டோ ஓட்டுற மு. சந்திரகுமார் தான் குண்டூர்ல போலீஸ்கிட்ட மாட்டி அடி வாங்கினதை எழுதின புத்தகம். அலங்காரமே கெடையாது. வெற்றிமாறன் அதைப் படத்தோட முதல் பாதிக்கு வெச்சுக்கிட்டார், பின்பாதி சென்னை, அது அவர் சேத்தது. 2015ல வெனிஸ் விழாவுக்குப் போச்சு, சந்திரகுமாரும் அங்க போனார், அந்த போட்டோவைப் பாத்தப்போ ஏனோ சந்தோஷமா இருந்துச்சு.

படத்துல அடி விழுறப்போ நான் கண்ணை மூடிக்கிட்டேன். புத்தகத்துல கண்ணை மூட முடியாது, மூடினா அங்கயே நிக்கும், தொறந்தா அதே அடி அங்கயே இருக்கும். படம்தான் கொடூரம்னு எல்லாரும் சொல்லுவாங்க, எனக்கு நேர்மாறா பட்டுது.

ஆகஸ்ட் 28

தமிழை விட்டு வெளிய ஒரு ரவுண்டு. தமிழ்ல படிக்கக் கெடைக்கிறதா மட்டும்.

மதில்கள், பஷீர், சுகுமாரன் மொழிபெயர்ப்பு. ஒரே மூச்சுல முடியும். செவுத்துக்கு அந்தப் பக்கம் பொம்பளை ஜெயில், நாராயணி, குரல் மட்டும்தான். அடூர் கோபாலகிருஷ்ணன் எடுத்த படத்துலயும் அவளைக் காட்டவே இல்ல, குரல் மட்டும் கே.பி.ஏ.சி. லலிதா. மலையாள நண்பர் ஒருத்தர் சொன்னார், லலிதா குரல் எங்களுக்கு அவ்ளோ பழக்கம், கேட்டவுடனே மொகம் வந்துடும், அதனால நாராயணி எங்களுக்குக் கெடைக்கவே இல்லன்னு. எனக்குக் கெடைச்சா. ஊர் தெரியாதவனுக்குக் கெடைக்கிற லாபம்.

பதேர் பாஞ்சாலி. நாவல் விபூதிபூஷண், தமிழ்ல நம்ம நாகம்மாள் நாவலை எழுதின ஆர். ஷண்முகசுந்தரம் மொழிபெயர்ப்பு. படத்துல அந்த ரயில் காட்சியை யாரும் மறக்க முடியாது, வெள்ளை வெள்ளையா நாணல் பூ, அக்காவும் தம்பியும் ஓடுறாங்க, ரயில் போகுது. முதல் நாள் எடுத்துட்டுத் திரும்ப வந்து பாத்தா மாடு எல்லாப் பூவையும் மேஞ்சுடுச்சாம், அடுத்த வருஷம் பூக்குற வரைக்கும் டைரக்டர் சத்யஜித் ராய் காத்திருந்து எடுத்தார்.

நாவல்ல அக்கா துர்கா ரயிலைப் பாக்கவே இல்ல. ரெண்டு பேரும் ரயில் பாக்க ஓடுறாங்க, வழி தவறித் திரும்பிடறாங்க. அவ பாக்காமலே செத்துப் போறா. அப்பு அப்புறம் ஊரை விட்டுப் போறப்போ ரயில்ல ஏறுறான், அக்கா ஞாபகத்தோட.

படம் பாத்துட்டு நாவலைப் படிச்சவன் நான். அந்த எடத்துல புத்தகத்தை மூடிட்டு மாடிக்குப் போயிட்டேன். படத்துல அவ பாத்துட்டாளேன்னு ஒரு ஆறுதல் எனக்கு இருந்துச்சு இத்தனை வருஷமா, அதைப் புத்தகம் புடுங்கிக்கிச்சு. வரிசை மாறியிருந்தா, முதல்ல படிச்சிருந்தா, படத்துல அந்த ரயில் வர்றப்போ ராய் அந்தப் பொண்ணுக்கு ஒரு பரிசு குடுத்த மாதிரி இருந்திருக்கும். இந்த ஒரு ஜோடியில மட்டும் வரிசை முக்கியம்னு ஒத்துக்கிறேன். படிச்சுட்டுப் பாருங்க.

ஆகஸ்ட் 31

மாசம் முடியுது. 5ஆம் தேதி சார் மறுபடி வந்து பாக்கி பதில் எங்கன்னு கேக்குறார், கடன்காரன் மாதிரி.

தழுவல்னா என்னன்னு எனக்குச் சொல்லத் தெரியல சார், ஆனா எது புத்தகத்துக்கிட்ட திரும்பப் போக வெக்குதோ அந்தப் படத்தை ஒத்துக்கிறேன். அந்தக் கணக்குல உதிரிப்பூக்கள் என்னை சிற்றன்னைக்கு அனுப்புச்சு, சிற்றன்னை திரும்ப படத்துக்கு அனுப்புச்சு. அசுரன் வெக்கைக்கு அனுப்புச்சு, அங்கயே விட்டுடுச்சு, திரும்ப வரத் தோணல. மோகமுள் படம் எங்கயும் அனுப்பல, நான் ஏற்கனவே அங்கதான் இருந்தேன்.

மொகம் பத்தி 21ஆம் தேதி எழுதினதை வீட்டம்மா படிச்சுட்டு ஒண்ணு சொன்னா, அதுவும் சரியாத்தான் இருக்கு. கோபுலு மோகனாவை வரைஞ்சார், நடக்க வைக்கல, பேச வைக்கல. குரலும் நடையும் படிக்கிறவ கிட்டத்தான் இருந்துச்சு. சினிமா அதையும் எடுத்துக்கிச்சு. அதான் கோவம்னு. அம்மாகிட்ட கேட்டேன், மோகனா குரல் எப்படி இருக்கும்னு நெனைச்சேன்னு. "எங்க சித்தி குரல் மாதிரி"ன்னா, ஒரு செகண்டு கூட யோசிக்கல.

தம்பி, நீங்க கேட்ட "கெடுக்காம எடுத்த படம் ஒண்ணு" இருக்கே, சில நேரங்களில் சில மனிதர்கள்னு எழுதிக்கோங்க. அதுக்கு எதிர்க்கட்சி யாராவது இருந்தா வாங்க.

செப்டம்பர் 2

எதிர்க்கட்சி இவ்ளோ பேர் இருக்கீங்களா!

கங்காவைக் கார்ல ஏத்திட்டுப் போற பிரபுவா வர்ற ஸ்ரீகாந்த் சரியில்லைன்னு சொன்னவங்களோட நான் சண்டைக்கு வரல, பிரபு அப்படித்தான் கொஞ்சம் அசமந்தமா இருக்கணும். ரொம்ப நாடகம்னு சொன்னவருக்கு, ஆமாங்க, நாடகம்தான், ஜெயகாந்தன்கிட்ட அது இல்லாம என்ன இருக்கு.

47 நாட்கள், சிறை ரெண்டையும் ஏன் விட்டேன்னு மூணு பேர் கேட்டிருக்கீங்க. சிவசங்கரி நாவல் நூலகத்துல வெளிய போயிருக்கு, இன்னும் திரும்பி வரல. அனுராதா ரமணன் கதை கெடைச்சிருக்கு, படம் நாளைக்குப் பாக்கலாம்னு இருக்கேன், அதுவும் லட்சுமிதான். பூ படத்துக்கு மூலமான ச. தமிழ்ச்செல்வன் கதை, வெயிலோடு போய், நாலஞ்சு பக்கம்தான், டீ ஆறுறதுக்குள்ள படிச்சுடலாம், படிச்சவங்க அதைப் பத்தி எழுதுங்க, நான் எழுதலை, எல்லாத்தையும் நானே எழுதினா எப்படி.

நாஞ்சில் நாடனோட தலைகீழ் விகிதங்கள் நாவல் யார்கிட்டயாவது இருந்தா ரெண்டு வாரம் கடன் குடுங்க. பைண்டு மாமா மேல சத்தியமா திருப்பிக் குடுத்துடுவேன்.